என் சொந்தக் கையால்

பணஜி
10 நவம்பர் 1997

சகோதரி பியெதாத் அவர்களுக்கு,

இன்று காலை அலுவலகத்தைத் திறந்ததும், ஜன்னலைக்கூடத் திறக்காமல், உங்கள் தாளைத் தாள் கட்டுக்குள்ளிருந்து உருவித் தனியாக எடுத்து வைத்தேன். விளக்கைப் போட்டுக்கொண்டு, 1993ஆம் ஆண்டில் நீங்கள் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து இன்னொரு முறை பார்த்தேன். அப்படிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

அமல மாதா ஊழியர் சங்கத்தின் ஏழாம் விதியை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு உறுப்பினரும் ஆண்டுதோறும் வாக்குறுதித் தாளின் பன்னிரண்டு வரிகளையும் தன் கையால் எழுதி, நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்குள் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். செயலர் அதைப் பழைய தாள்களோடு ஒப்பிட்டு வலது மூலையில் நீலப் பென்சிலால் குறி இட வேண்டும். குறி இல்லாத தாளுக்கு உரியவரின் பெயர் டிசம்பர் எட்டாம் தேதி பீடத்தின் முன் வாசிக்கப்படாது.

உங்கள் தாளில் கையொப்பம் மட்டும் உங்களுடையது. மேலே உள்ள பன்னிரண்டு வரிகளை வேறொருவர் எழுதியிருக்கிறார். பன்னிரண்டாவது வரி இது: "இதை யாருடைய வற்புறுத்தலும் இன்றி என் சொந்தக் கையால் எழுதினேன்." ஆகவே நான் குறி இடவில்லை. மூலையில் "கை வேறு" என்று எழுதி, இயக்குநர் ஃபாதர் ஒர்லாந்துவின் மேசைக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஆலோசனைக் குழு 28ஆம் தேதி கூடுகிறது. அதற்குள் நீங்கள் கைப்பட எழுதிய புதிய தாள் வந்தால், பழையதை எடுத்துவிட எனக்கு அதிகாரம் உண்டு. வராவிட்டால் உங்கள் உறுப்புரிமை டிசம்பர் எட்டோடு முடிந்துவிடும். நீங்கள் குடியிருக்கும் கடலோர வீடு உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியது. சங்கத்தின் கல்லறையும் அப்படித்தான்.

காலித் தாள் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

கித்தேரியா
செயலர்

பி.கு.: பேருந்தில் வருவது சிரமமென்றால் அஞ்சலில் அனுப்பினால் போதும்.


கடலோர வீடு
14 நவம்பர் 1997

கித்தேரியாவுக்கு,

"அன்புள்ள" என்ற சொல்லை நீ விட்டுவிட்டதைக் கவனித்தேன். நானும் விட்டுவிட்டேன். சிக்கனம் நல்லது.

ஏழாம் விதியை எனக்கே எழுதி அனுப்பியிருக்கிறாய். அந்த விதியை நான் எழுதியபோது சங்கம் என்று ஒன்று இருப்பதே உனக்குத் தெரியாது. பரவாயில்லை, மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறாய்.

வயதானால் முகம் மாறுகிறது, குரல் மாறுகிறது, நடை மாறுகிறது. கையெழுத்து மட்டும் மாறக் கூடாதா? அறுபத்தொரு வயதில் என் எழுத்து கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது, அவ்வளவுதான். இந்தக் கடிதத்தையும் அந்தத் தாளையும் அருகருகே வைத்துப் பார். ஒரே எழுத்து. இப்போது என் கை இப்படித்தான் எழுதுகிறது என்று ஃபாதரிடம் சொல்.

வீட்டைப் பற்றி நினைவூட்டியதற்கு நன்றி. பதிலுக்கு ஒன்பதாம் விதியை நான் நினைவூட்டுகிறேன். பீடத்தின் முன் பெயர் வாசித்து, அந்தப் பெயருக்கு மெழுகுவர்த்தியும் ஏற்றியாகிவிட்டால், ஒரு வருடத்துக்கு அந்தப் பெயரை யாராலும் எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமானால் ஆயர் அந்தப் பெயருக்குரியவளை நேரில் அழைத்துக் கேட்ட பிறகுதான். போன டிசம்பரில் என் பெயரை வாசித்தது உன் வாய். ஆகவே இந்த எட்டாம் தேதி வரை என்னைப் பெட்டி கட்டச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

காலித் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். என் தாள் உன்னிடம் ஏற்கனவே இருக்கிறது.

பியெதாத்

மேடம், இதுக்குக் கீழ இருக்கறது அக்காவுக்குத் தெரியாது. மூக்குக் கண்ணாடி தேட உள்ள போயிருக்காங்க. எழுதறது நான், கயித்தான். பக்கத்துல சாராயக் கடை வச்சிருக்கேன். மேல இருக்கற பொய்யெல்லாம் அவங்க சொல்லச் சொல்ல நான் எழுதினது. அவங்க கை ரொம்ப ஆடுது மேடம். கையெழுத்துப் போடறதுக்கே ரெண்டு கையாலயும் பேனாவப் புடிக்கறாங்க. கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்னு மாதாவுக்கு மூணு வருஷமா எழுதிக் குடுக்கறவன் நான்தான். எனக்கு நாலு பிள்ளைங்க. தப்பு என்னோடதுன்னு வச்சுக்கிட்டு ஏதாவது பண்ணுங்க. வந்துட்டாங்க.


பணஜி
19 நவம்பர் 1997

பியெதாத் அக்கா,

அலுவலகத் தாளில் எழுதவில்லை. இது என் சொந்தக் குறிப்பேட்டின் பக்கம்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள். தேவையில்லை. அந்த எழுத்தை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். உங்களைப் பார்க்க வந்தபோது பக்கத்துக் கடை வாசலில் அன்றைய மீனின் பெயர்களைப் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு வரியும் மேல்நோக்கி ஏறிப் போகும், ஏதோ படி ஏறுவதுபோல. உங்கள் தாளிலும் வரிகள் அப்படித்தான் ஏறியிருந்தன. பேனாவை அழுத்தி எழுதியதில் தாளின் பின்பக்கம் தடவினாலே எழுத்து தெரிந்தது.

அன்று தேநீரை என்னை ஊற்றச் சொன்னீர்கள். நீங்கள் இரண்டு கைகளையும் மடியில் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். விருந்தாளியை வேலை வாங்குகிறீர்கள், பழைய செயலர் பழைய செயலராகவே இருக்கிறீர்கள் என்று நினைத்து எனக்குக் கோபம் வந்தது. பேருந்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் புரிந்தது.

1995இலும் 1996இலும் தெரிந்தேதான் குறி இட்டேன். அந்த இரண்டு தாள்களையும் வேறு யாரும் பார்த்ததில்லை. செயலர் குறி இட்ட தாளை யாரும் மறுபடி பார்ப்பதில்லை. என் தாளைக்கூட நானே சரிபார்த்து, நானே குறி இட்டு, நானே கட்டுக்குள் வைக்கிறேன். இந்த அலுவலகத்தில் ஒரு நீலப் பென்சிலுக்கு அவ்வளவு அதிகாரம் இருக்கிறது. அதை என் கையில் கொடுத்தது நீங்கள்தான்.

ஒலிந்தாவை நினைவிருக்கிறதா? 1986. சர்க்கரை நோயில் பார்வை போய், தங்கையிடம் எழுதி வாங்கி அனுப்பினாள். "கை இல்லாட்டி வாக்கு இல்ல. பேர எடுத்தாச்சுன்னு டைப் பண்ணு" என்றீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. டைப் அடித்தேன். உறையை நாக்கால் ஈரம் செய்து ஒட்டினேன். இப்போதும் தபால் ஒட்டும்போது சில நாள் அந்தப் பசையின் ருசி வாயில் வருகிறது.

மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்கி அனுப்புங்கள். கை நடுக்கம் என்று ஒரு வரி இருந்தால் போதும். குழுவில் நான் பேசிப் பார்க்கிறேன்.

கித்தேரியா


கடலோர வீடு
24 நவம்பர் 1997

கித்தேரியா,

கயித்தான் கீழே என்ன எழுதினான் என்று நேற்று அவனே சொன்னான். கடையில் ஆட்கள் குடித்துக்கொண்டிருக்க, நடுவில் நின்று சொன்னான். திட்டினேன். "எவ்வளவு வேணா திட்டுங்க, எழுதறதுக்கு ஆள் மட்டும் மாத்தாதீங்க, எனக்குப் பழகிடுச்சு" என்கிறான். இதையும் அவன்தான் எழுதுகிறான். பல்லைக் காட்டிக்கொண்டே எழுதுகிறான்.

சரி. கை நடுங்குகிறது. நாலு வருடமாக. கஞ்சிக் கிண்ணம் வாய்க்கு வருவதற்குள் பாதி மடியில். கருவாட்டில் முள் எடுப்பதை விட்டுவிட்டேன். செபமாலையில் ஒரே மணியை இரண்டு முறை உருட்டிவிடுகிறேன் என்று தெரிந்தும் உருட்டுகிறேன். மாதா எண்ணிக்கை பார்க்கமாட்டாள். நீ பார்ப்பாய்.

மருத்துவர் சீட்டு கேட்கிறாய். சீட்டு அனுப்பினால் என்ன நடக்கும் என்று பதினெட்டு வருடம் அந்த நாற்காலியில் இருந்தவளுக்குத் தெரியாதா? நோயாளி உறுப்பினர் என்று ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் பெயர் ஏறினால் கன்னியரின் நோயாளி இல்லத்துக்கு மாற்றுவார்கள். அங்கே போனவள் ஒருத்தியாவது தன் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு திரும்பி வந்தாளா? அந்தப் பதிவேட்டில் பெயர் ஏற்றியவளே நான்தான். ஒன்பது பெயர்.

ஏழாம் விதியை ஏதோ கல்நெஞ்சுக்காரி எழுதியது மாதிரி எழுதியிருக்கிறாய். 1974இல் ஒருவன் தன் தங்கையின் வாக்குறுதித் தாளை ஆறு வருடமாகத் தானே எழுதி அனுப்பிக்கொண்டிருந்தான். அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் தென்னந்தோப்பில் அவளுக்குப் பங்கு கொடுக்க வேண்டும். அவளுக்கு ஒரு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. எங்களுக்குத் தெரியவே இல்லை. நாங்கள் ஆறு டிசம்பர் அவள் பெயரை வாசித்து, ஆறு மெழுகுவர்த்தி ஏற்றினோம். ஏழாவது வருடம் அவளே அலுவலகத்துக்கு வந்து, "என் பேர ஏன் படிக்கறீங்க?" என்று கேட்டாள். அந்த மாப்பிள்ளைக்கு அதற்குள் இரண்டு குழந்தைகள். அன்று மாலை எழுதிய விதி அது. இன்றைக்கும் அது நல்ல விதிதான். அதில் எனக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் முதல் முறை எழுதச் சொன்னபோது, கடைசி வரி வந்ததும் கயித்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

"அக்கா, இந்த வரி எனக்குப் பிடிக்கல."

"உனக்குப் பிடிக்கணும்னு எழுதல. எழுது."

"சொந்தக் கையாலன்னு இருக்கு. இது என் கை. பாட்டில் தூக்கற கை."

"மாதாவுக்குத் தெரியும்."

"மாதாவுக்குத் தெரியும். ஆபீசுக்கு?"

"ஆபீசுல இருக்கறவளுக்கு அதையெல்லாம் பாக்கத் தெரியாது. எழுது."

உன்னைத்தான் சொன்னேன். மறைக்கவில்லை. அவன் பெண்டாட்டி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "மாதாவுக்கு வாக்குக் குடுத்தாச்சுல்ல, இனிமே கடைலயே படு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது ஒன்று கேட்கிறேன். இரண்டு வருடம் தெரிந்து குறி இட்டாய். மூன்றாம் வருடம் ஏன் இடவில்லை? விதி இரண்டு வருடம் தூங்கிவிட்டு இந்த நவம்பரில் விழித்துக்கொண்டதா? ஒலிந்தாவைக் காட்டாதே. ஒலிந்தா அந்த இரண்டு வருடமும் செத்துத்தான் இருந்தாள்.

பியெதாத்


பணஜி
30 நவம்பர் 1997

பியெதாத் அக்கா,

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை குழு கூடியது. உங்கள் தாளைச் சுற்றுக்கு விட்டார்கள். ஒவ்வொருவரும் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள்.

ஃபாதர் ஒர்லாந்து, "இது யார் கை, கித்தேரியா?" என்றார்.

"தெரியாது ஃபாதர்."

"தெரியாதா, சொல்ல மாட்டியா?"

தாளை அடுத்தவரிடம் நகர்த்தினேன். துணைத் தலைவி கிளொத்தில்தா சிரித்தாள். "யார் கையா இருந்தா என்ன? இந்தச் சட்டையத் தைச்சவளே பியெதாத்துதான். எத்தன பேருக்கு அளவு பாக்காம மாட்டிவிட்டா. அவளும் ஒரு தடவ போட்டுப் பாக்கட்டும்."

உங்கள் கை நடுங்குகிறது என்றேன். நோயாளிப் பதிவேட்டில் ஏற்றாமல், வீட்டிலேயே இருக்க விட்டு, தாளை மட்டும் ஏற்றுக்கொள்ள வழி உண்டா என்று கேட்டேன். ஃபாதர் கெட்டவர் அல்ல. "ஒலிந்தாவோட தங்கை இன்னும் என் பங்குலதான் இருக்கா. வாராவாரம் பூசைக்கு வர்றா. அவ முகத்தப் பாத்து நான் என்ன சொல்றது?" என்றார்.

உங்கள் பெயரை வாசிப்பதில்லை என்று முடிவாயிற்று. இந்த வருடம் நாற்பத்தொரு பெயர். வீட்டை டிசம்பர் கடைசிக்குள் ஒழித்துக் கொடுக்கச் சொல்லும் கடிதத்தை நான் எழுத வேண்டும். இன்னும் எழுதவில்லை.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நாலு நாள் யோசித்தேன். ஒலிந்தாவுக்காகச் செய்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவள் அரசாங்க ஆதரவற்றோர் இல்லத்தில் இறந்த செய்தி வந்த அன்று அரை நாள் விடுப்புக் கேட்டேன். "செத்தது சங்கத்து ஆள் இல்ல. ஆபீசு தொறந்திருக்கணும்" என்றீர்கள். அன்று முழுக்கப் பழைய உறைகளை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கினேன். அதற்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை. அந்தக் கோபத்தைப் பத்து வருடம் வைத்திருந்தேன் என்றால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் அது உண்மை இல்லை. அந்தக் கோபத்தோடேயே நான் இரண்டு முறை உங்களுக்குக் குறி இட்டிருக்கிறேன்.

உண்மை சின்னது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அக்டோபரில் சங்கத்தின் பொன்விழாவில் மேடையில் நீங்கள் பேசினீர்கள். "பதினெட்டு வருஷம் இந்த ஆபீசு நடந்துச்சு. அதுக்கப்புறம் காலைல தொறக்கறாங்க, சாயந்திரம் மூடறாங்க." எல்லோரும் சிரித்தார்கள். ஆயரும் சிரித்தார். நான் கடைசி வரிசையில் கேக் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சிரிப்பு அடங்கும்வரை அடுக்கினேன், பிறகு பிரித்து மறுபடி அடுக்கினேன்.

எட்டு வருடம், அக்கா. நாற்பத்திரண்டு பெண்களில் யாருக்கு எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். யாருடைய எழுத்து எந்த வருடத்திலிருந்து சாயத் தொடங்கியது என்று தெரியும். உங்கள் எழுத்து நின்றுபோனதும் தெரியும். நான் அதைச் சுமந்துகொண்டு வாயை மூடியிருந்தேன். அந்த மௌனத்தால்தான் நீங்கள் மேடை ஏறி நிற்க முடிந்தது. அங்கே நின்றுகொண்டு அப்படிச் சொன்னீர்கள்.

நவம்பரில் உங்கள் தாள் வந்தது. பென்சிலை எடுத்தேன். குறி இடுவதற்குப் பதிலாக இரண்டு சொல் எழுதினேன். பாக்கத் தெரியாதவள் பார்த்துவிட்டாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். வீட்டைப் பற்றி அந்த நிமிடத்தில் நினைக்கவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் பொய். நினைத்தேன்.

கித்தேரியா


5 டிசம்பர்

கித்தேரியா,

இது என் கை.

கயித்தானை வெளியே அனுப்பிவிட்டேன். காலை மருந்துக்குப் பின் அரை மணி நேரம் கை அடங்கும். மூன்று நாளாக எழுதுகிறேன்.

பன்னிரண்டு வரியும் முயன்றேன். நாலாம் வரியில் தாள் கிழிந்தது.

குழு சொன்னது சரி. எனக்காக வளைக்காதே. ஒலிந்தாவுக்கு வளைக்கவில்லை.

அவள் தாளை நான் எறியவில்லை. இரும்பு அலமாரி, கீழ்த்தட்டு, பழைய சுற்றறிக்கைகளுக்கு அடியில். கையொப்பத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வைத்திருந்தாள். அதுவும் கைதான். அன்று எனக்குத் தோன்றவில்லை.

பெட்டி கட்டுகிறேன். தம்பி மகன் வீட்டில் ஒரு அறை உண்டு. அவன் மனைவி முகம் எனக்குத் தெரியும். பழகிக்கொள்வேன்.

மேடையில் அன்று சொன்னது


பணஜி
7 டிசம்பர் 1997, ஞாயிறு

பியெதாத் அக்கா,

உங்கள் கடிதத்தைக் கயித்தான் நேற்றுக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் பேருந்தில் கிளம்பி வந்திருக்கிறார். ஞாயிறு பூசைக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு, அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே வரச் சொன்னேன். சுற்றிலும் தாள் கட்டுகளைப் பார்த்தார்.

"இதுலதான் என் தாளும் இருக்கா மேடம்?"

"அது பியெதாத் அக்கா தாள்."

"அக்காவோடதுதான். எழுதினது நானாச்சே, ஒரு பாசம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மூணு நாளா காலைல கதவச் சாத்திக்கறாங்க. உள்ள அழற சத்தம்கூட இல்ல. பேனா கீழ விழற சத்தம் மட்டும் கேக்கும். எடுத்துக் குடுக்கலாம்னு போனா, போடான்னு கத்தறாங்க. எத்தன தடவ விழுந்துச்சுன்னு என் பொண்டாட்டி எண்ணிக்கிட்டு இருந்தா. அப்புறம் எண்ண முடியாம உள்ள போயிட்டா."

தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, கோப்பையைத் தானே கழுவி வைத்தார். போகும்போது, "பதில் இருந்தா எடுத்துட்டுப் போறேன்" என்றார். பதில் இல்லை என்றேன். நேற்று இருக்கவில்லை.

உங்கள் கடைசி வரி பாதியில் நிற்கிறது. கை நின்றதா, மனம் நின்றதா என்று பலமுறை பார்த்தேன். எட்டு வருடமாக எழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்பவள் நான். இதைச் சொல்ல முடியவில்லை. நீங்கள் முடித்திருந்தால் அதை மடித்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நாளைக்கு நாற்பத்தொரு பெயரை வாசித்துவிட்டு, மறுநாள் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தை டைப் அடித்திருப்பேன். நீங்கள் முடிக்கவில்லை.

இன்று அலுவலகம் கிடையாது. ஆனாலும் திறந்தேன். அலமாரியின் கீழ்த்தட்டில் ஒலிந்தாவின் தாள் இருந்தது. ரேகை மை கொஞ்சம் பரவியிருக்கிறது, கண் தெரியாமல் இரண்டு முறை அழுத்தியிருக்கிறாள். நீலப் பென்சிலை எடுத்துக் குறி இடலாமா என்று யோசித்தேன். இடவில்லை. பதினோரு வருடம் கழித்து இடும் குறி அவளுக்கு எதற்கு? அது என் தூக்கத்துக்காகத்தான் இருக்கும்.

பிறகு என் தாளை எடுத்தேன். இந்த வருடத்தியது. கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள் உட்கார்ந்து பதினொரு வரி எழுதியிருந்தேன். பன்னிரண்டாவது வரியில் "யாருடைய வற்புறுத்தலும் இன்றி" என்று எழுத வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். அப்படியே கட்டுக்குள் வைத்துவிட்டேன். செயலரின் தாளை யார் பார்க்கப்போகிறார்கள்? உங்கள் தாளில் பன்னிரண்டாவது வரி பொய் என்று மூலையில் எழுதியது, அதே மாதம், அந்த வரியே இல்லாத தாளை வைத்திருந்த கை.

ஏன் நிறுத்தினேன் என்று இந்த ஐந்து வாரமும் என்னையே கேட்டிருக்கிறேன். பதிமூன்று வருடம் இந்த வாக்கை எழுதியிருக்கிறேன். முதல் சில வருடங்கள் மாதாவுக்கு எழுதினேன். அதன்பிறகு, இப்போது நினைத்தால், உங்களுக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு நாள் நன்றாகச் செய்கிறாய் என்று சொல்வீர்கள் என்று. அக்டோபரில் அது முடிந்துவிட்டது. யாருக்கு எழுதுகிறோம் என்று தெரியாமல் வாக்குக் கொடுக்க முடியவில்லை.

நாளை காலை பத்து மணிக்குப் பூசை. பட்டியல் என் கையில் இருக்கும். பீடத்தின் பக்கத்தில் நாற்பத்தொரு மெழுகுவர்த்திகள் வைத்தாகிவிட்டது, இன்று மாலை நானே எண்ணி வைத்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஃபாதர் ஒன்று ஏற்றுவார். அவர் திரியைத்தான் பார்ப்பார், என்னைப் பார்க்கமாட்டார். வழக்கப்படி செயலரின் பெயர் கடைசி. அதையும் செயலரே வாசிக்க வேண்டும். இந்த வழக்கத்தையும் நீங்கள்தான் ஏற்படுத்தினீர்கள், ஞாபகம் இருக்கும்.

இதை உங்கள்மேல் உள்ள அன்பினால் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. வளைக்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். நான் விதியை வளைக்கவில்லை. விதியில் இருக்கும் ஒரே ஒரு திறந்த கதவு வழியாக நான் ஒருத்தி வெளியே போகிறேன், இன்னொருத்தி உள்ளே நிற்கலாம். வாசித்த பெயரை ஒரு வருடத்துக்கு ஆயரைத் தவிர யாராலும் எடுக்க முடியாது. ஆயர் உங்களை நேரில் அழைத்தால் போங்கள். கையைத் துணிக்கு அடியில் வைக்காதீர்கள். அவர் முன்னால் மேசைமேல் வையுங்கள்.

உறுப்பினர் அல்லாதவள் செயலராக இருக்க முடியாது, அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள அறையில் தங்கவும் முடியாது. சாவியையும் நீலப் பென்சிலையும் ஓர் உறையில் போட்டு ஃபாதர் பெயரை எழுதி வைத்துவிட்டேன். என் பொருள்கள் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டன. இவ்வளவுதானா என்று கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. எங்கே போவேன் என்று யோசிக்கவில்லை.

யாரிடமும் இதைச் சொல்லவில்லை. ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைக் காலையில் கோயிலுக்குப் போகும் வழியில் பெட்டியில் போடுவேன். தபால்காரர் பெட்டியைத் திறப்பது பன்னிரண்டு மணிக்கு. அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

நாற்பதாவது பெயரை வாசித்த பிறகு ஒரு மூச்சு விடுவேன். ஃபாதர் கடைசித் திரியின் பக்கத்தில் நெருப்பை வைத்துக்கொண்டு என் பெயருக்காகக் காத்திருப்பார். நான் உங்கள் பெயரை வாசிப்பேன்.

கித்தேரியா